அரிவாள்மணை உயரம்

சென்ற ஆண்டு ஒரு குறும்படப் பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தேன். அழைத்தவர் நண்பர், பேச வேண்டாம், சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். உட்கார்ந்தேன். காலை வகுப்பில் பயிற்றுநர் பலகையில் எழுதிப்போட்டார்: லோ ஆங்கிள் என்றால் அதிகாரம். ஹை ஆங்கிள் என்றால் பலவீனம். குளோசப் என்றால் உணர்ச்சி. லாங் ஷாட் என்றால் தனிமை. கேமராவைச் சாய்த்து வைத்தால் மனக்குழப்பம். முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். பாதிப் பேர் எழுதிக்கொண்டார்கள், மீதிப் பேர் பலகையைப் போனில் படமெடுத்துக்கொண்டார்கள்.

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "சார், எங்கம்மா தரையில உட்கார்ந்து அரிவாள்மணையிலதான் காய் நறுக்குவாங்க. நான் நின்னுக்கிட்டு எடுத்தா அவங்க பலவீனமானவங்கன்னு ஆயிடுமா?"

வகுப்பு சிரித்தது. பயிற்றுநரும் சிரித்தார். "அந்த ஷாட்டுல அப்படித்தான் அர்த்தம் வரும்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விட்டார். பையன் உட்கார்ந்து அதையும் எழுதிக்கொண்டான். அப்போதே வாய் திறந்திருக்கலாம். பேச வேண்டாம் என்று சொல்லித்தானே கூப்பிட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பலகையில் இருந்தது முழுப் பொய் இல்லை. பார்வைக்கு ஏற்றத்தாழ்வு உண்டு என்பது சினிமா வருவதற்கு முன்பே நம் பேச்சுக்குத் தெரியும். ஒருவன் இன்னொருவனை 'ஏற இறங்கப் பார்த்தான்' என்கிறோம்; அதில் கேமரா தலையிலிருந்து கால்வரை இறங்கி மறுபடி ஏறுகிறது, கூடவே அவமானமும் வந்துவிடுகிறது. 'ஏறெடுத்தும் பார்க்கவில்லை' என்பதில் பார்க்காததே ஒரு ஷாட். 'ஓரக்கண்ணால் பார்த்தாள்', 'உற்றுப் பார்த்தார்', 'அண்ணாந்து பார்த்தோம்' என்று ஒவ்வொன்றும் எங்கிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து, யார் யாரைப் பார்க்கிறார் என்பதைச் சேர்த்தே சொல்கிறது.

நம் சினிமாவில் கதாநாயகன் எப்படி வருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். கார்க் கதவு திறக்கும். முதலில் ஒரு செருப்பு, அல்லது ஷூ, தூசியில் இறங்கும். பிறகு முதுகு. அதன்பிறகு கீழேயிருந்து மேலே, வானம் பின்னணியாக, முகம். மண்ணில் கிடக்கிற கேமரா நம்மையும் மண்ணில் கிடத்திவிடுகிறது. தியேட்டரில் விசில் பறக்கிறது. ஒரு காலத்தில் அண்ணா சாலையில் நின்ற கட்-அவுட்டுகள் இதே வேலையைக் கேமரா இல்லாமலே செய்தன. நாற்பது, ஐம்பது அடி உயரத்தில் ஒரு மனிதரை நிறுத்திவிட்டால், பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் தாமாகவே லோ ஆங்கிளுக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே கீழேயிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியும் என்பது சரி. பெரிதாகத் தெரிவதும் அதிகாரமும் ஒன்றுதானா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

இந்தக் கேள்விக்கு 1941லேயே ஒரு படம் பதில் சொல்லிவிட்டது. லோ ஆங்கிள் பாடத்துக்கு உதாரணமாக எல்லா வகுப்பிலும் காட்டப்படுகிற ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அது. காட்டுகிறவர்கள் பலர் அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை.

ஆளுநர் தேர்தலில் கேன் தோற்றுப்போன இரவு. ஆட்கள் கலைந்துவிட்ட அலுவலகம். தரையெங்கும் காகிதத் தோரணங்கள், குப்பை. பழைய நண்பன் லீலாண்ட் குடித்துவிட்டு வருகிறான். மக்களை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர்களைச் சொந்தச் சொத்துபோல் நடத்துகிறாய் என்று முகத்துக்கு நேரே குற்றம்சாட்டுகிறான். தன்னைச் சிகாகோவுக்கு மாற்றிவிடச் சொல்கிறான். அந்த மனிதனின் வாழ்க்கையில் இதைவிடத் தோற்ற நேரம் அதுவரை வந்ததில்லை. அந்த நேரத்தைத்தான் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் படத்திலேயே மிகத் தாழ்ந்த கோணங்களில் ஒன்றிலிருந்து எடுத்தார்கள். கேமராவைத் தரையில் வைத்தும் போதவில்லை. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் கான்கிரீட் தரையை உடைத்துக் குழி தோண்டி, அதற்குள் கேமராவை இறக்கினார்கள். வெல்ஸுக்கு அப்போது வயது 25.

திரையில் கேனின் கால் தூண்போல நிற்கிறது. உடம்பு மேலே மேலே போகிறது. ஆனால் அந்த உடம்புக்கு மேல் வானம் இல்லை, கூரை இருக்கிறது. அந்தக் காலத்து ஹாலிவுட் செட்டுகளில் பொதுவாகக் கூரை இருக்காது. விளக்குகளும் ஒலிவாங்கியும் தொங்குவதற்காகத் திறந்தே விடுவார்கள். இங்கே துணியை இழுத்துக் கட்டிக் கூரையாக்கி, ஒலிவாங்கிகளை அதற்கு மேலே ஒளித்துவைத்தார்கள். அகன்ற லென்ஸ் வேறு. சுவர்க் கோடுகள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. ஆள் எவ்வளவு பெரியவனாகத் தெரிகிறானோ அவ்வளவுக்குக் கூரை அவன் தலையில் இறங்குகிறது. கோபுரம்போல் நிற்கிறான்; திரும்பிப் படுக்க இடமில்லாத பெட்டிக்குள் நிற்கிறான். பலகையில் எழுதிய சமன்பாட்டை வைத்து இந்த ஷாட்டைப் படித்தால் 'கேன் பலம் மிக்கவன்' என்றுதான் விடை வரும். படமோ நேர் எதிராகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஹை ஆங்கிளுக்கும் இதே கதிதான். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் துப்பறிவாளர் ஆர்பொகாஸ்ட் மாடிப்படி ஏறுகிறார். மேல்படியை அடையும்போது கேமரா சட்டென்று உச்சிக்குப் போய்விடுகிறது. கூரையில் ஒட்டிக்கொண்ட பல்லிபோல நேர் கீழே பார்க்கிறது. கதவு திறக்கிறது, கத்தியோடு ஒரு உருவம் வருகிறது. துப்பறிவாளர் எவ்வளவு சிறியவராகத் தெரிகிறார், விதியின் முன் மனிதன் எவ்வளவு அற்பம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவன்தான். ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் சொன்ன காரணம் வேறு. கத்தியோடு வருகிற 'அம்மா'வின் முகத்தைக் காட்டக் கூடாது. முதுகுப் பக்கமாகவே எடுத்தால், முகத்தை வேண்டுமென்று மறைக்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். உச்சிக்குப் போனால் யார் முகமும் தெரியாது, மறைத்ததாகவும் தோன்றாது. கூடவே, அவ்வளவு தூரத்திலிருந்து சட்டென்று வெட்டுப்பட்ட முகத்தின் பெரிய குளோசப்புக்கு வரும்போது அடி பலமாக விழும். எல்லாவற்றையும் காட்டுவதாகப் பாவனை செய்கிற கோணத்தை ஒளிப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார். கெட்டிக்கார மளிகைக் கடைக்காரர் தராசைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி காட்டுவதுபோல.

இப்போது இவர்கள் யாரோடும் சேராத ஒருவரிடம் வருகிறேன். அந்தப் பையனின் அம்மாவைப் பற்றி எதையாவது சொல்லத் தகுதியானவர் அவர்தான்.

1943ல் ஜப்பானிய ராணுவம் யாசுஜிரோ ஓசு என்ற இயக்குநரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. இந்திய விடுதலையைப் பற்றி ஒரு பிரச்சாரப் படம் எடுக்க வேண்டும் என்பது வேலை. நேதாஜி அங்கே வந்து இந்திய தேசிய ராணுவத்தை ஏற்று நடத்திக்கொண்டிருந்த காலம் அது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாக அந்தப் படையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஓசு எடுக்கவிருந்த படத்தின் பெயரே 'டெல்லிக்கு, டெல்லிக்கு'. போரின் போக்கு மாறியது, படம் முடியவில்லை. வேலையில்லாமல் கிடந்த நாட்களில், கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களை அவர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்று 'சிட்டிசன் கேன்'. போர் முடிந்து, சில மாதம் கைதி முகாமில் இருந்து, 1946ல் ஊர் திரும்பினார்.

அந்தச் சிங்கப்பூர் இருட்டறையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேமராவைத் தரைக்கு இறக்கியதற்காக உலகம் நினைவில் வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர், இன்னொருவரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏனென்றால் ஓசு அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே கேமராவைத் தாழ்த்தியிருந்தார். ஆரம்பித்ததற்கு அவர் சொன்ன காரணம் ஹிட்ச்காக்கின் காரணத்தைப்போலவே சாதாரணமானது: விளக்குகள் குறைவு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடம் மாற்ற வேண்டும், தரையெல்லாம் ஒயர் கிடக்கும், கேமராவை இறக்கிவிட்டால் தரை தெரியாது. ஒயரை மறைக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கேனைப் பார்த்த பிறகும் அவருடைய கேமரா குழி தோண்டவில்லை. இருந்த உயரத்திலேயே இருந்தது.

உயரம் வேறு, கோணம் வேறு. பலகையில் விடுபட்டது இதுதான். குழிக்குள்ளிருக்கும் வெல்ஸின் கேமரா அண்ணாந்து பார்க்கிறது. தரையருகே இருக்கும் ஓசுவின் கேமரா பெரும்பாலும் நேராகப் பார்க்கிறது. அண்ணாந்தாலும் மிகக் கொஞ்சம். அண்ணாந்தால் கோடுகள் சாயும், கால் பெருக்கும், முகம் எட்டாத இடத்துக்குப் போகும். நேராகப் பார்த்தால் ஜப்பானிய வீட்டின் தள்ளு கதவுகளும் மரச்சட்டங்களும் அப்படியே செங்குத்தாக நிற்கும். அவர் பயன்படுத்தியது 50 மில்லிமீட்டர் லென்ஸ். எதையும் இழுத்துப் பெரிதாக்காத, துரத்திச் சிறிதாக்காத லென்ஸ். பிற்காலப் படங்களில் வேறு லென்ஸை அவர் தொடவில்லை என்றே சொல்லலாம். இரண்டு கேமராவும் கிடந்தது தரையில்தான். ஒன்று மனிதனைச் சிலையாக்கியது, மற்றொன்று அவனை வீட்டு ஆளாக்கியது.

அவருடைய ஒளிப்பதிவாளர் யுஹாரு அட்சுதா. மௌனப் படக் காலத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு ஒளிப்பதிவாளராகி, பல ஆண்டுகள் ஓசுவோடு இருந்தவர். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் 1985ல் வெளியிட்ட 'டோக்கியோ-கா' ஆவணப்படத்தில் கேமரா நின்ற குட்டை ஸ்டாண்டைக் காட்டி, கேமராவுக்குப் பின்னால் எப்படிப் பாயில் படுத்துக்கொண்டு பார்ப்போம் என்று விளக்குகிறார். பேச்சு ஓசுவின் மேல் போகப் போகக் குரல் உடைகிறது. கடைசியில் அழுதுவிடுகிறார். தன்னைத் தனியே விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறார். ஓசு இறந்து ஏறக்குறைய இருபது வருடமாகியிருந்தது.

அந்த உயரம் யாருடைய கண்? ஜப்பானியர் பாயில் உட்காருகிறவர்கள், அதனால் உட்கார்ந்தவரின் கண் மட்டம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அளந்து பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. உட்கார்ந்தவரின் கண்ணையும்விடக் கேமரா கீழே இருக்கிறது. யாரும் தரையில் உட்காராத அலுவலகத்திலும், மதுக்கடையிலும், நடைபாதையிலும்கூட அது கீழேயே இருக்கிறது. குழந்தையின் கண் என்பார்கள் சிலர். 1932ல் வந்த அவருடைய 'பிறந்துவிட்டேன், ஆனால்...' என்ற மௌனப்படத்துக்கு அது பொருந்தும். அதில் இரண்டு சின்னப் பையன்கள், தங்கள் அப்பா முதலாளிக்கு முன்னால் கோமாளித்தனம் செய்வதை முதலாளி வீட்டில் போட்டுக்காட்டுகிற படச்சுருளில் பார்த்துவிடுகிறார்கள். மற்ற படங்களுக்கு அது முழுக்கப் பொருந்தவில்லை.

எனக்கு அரிவாள்மணைதான் நினைவுக்கு வரும். ஒரு காலை மடக்கி, மறுகாலால் பலகையை அழுத்தி, கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குகிற அத்தையோ பெரியம்மாவோ. வீட்டுக்கு யார் யாரோ வருவார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும், பாகப்பிரிவினைச் சண்டை நடக்கும், கடன் கேட்டு ஒருவர் தயங்கித் தயங்கி வாயெடுப்பார். யாரும் அவளை எழுந்து போகச் சொல்வதில்லை. அவள் அங்கே இருக்கிறாள் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். நிற்கிறவர்கள் அவள் பார்வையில் வேட்டிக் கரையும் முழங்காலுமாகத்தான் தெரிவார்கள். உட்கார்ந்த பிறகுதான் ஆளாக முழுசாகக் கிடைப்பார்கள். அவள் தலை நிமிரமாட்டாள், தவறவும் விடமாட்டாள். இரவு படுக்கும்போது அந்த வீட்டில் நடந்ததை முழுக்கச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

ஓசுவின் சட்டகத்திலும் நிற்பவர்கள் வந்துபோகிறவர்கள். உட்கார்ந்தபின்தான் பேச்சு தொடங்கும். இந்த ஒப்பீட்டைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த உயரம் அத்தை தேர்ந்தெடுத்ததல்ல; வீடு அவளுக்கு ஒதுக்கியது. ஓசு தேர்ந்தெடுத்தார். எல்லா உயரமும் கைவசம் இருக்கும்போது வீட்டிலேயே கடைசி ஆளின் உயரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். வித்தியாசம் பெரியது. ஆனால் அந்த இடத்திலிருந்து தெரிவது ஒன்றுதான்.

'டோக்கியோ ஸ்டோரி' 1953ல் வந்தது. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி, டோக்கியோவில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். படத்தின் ஆரம்பத்தில் மூட்டை கட்டுகிறார்கள். காற்றுத் தலையணையைக் காணோம். உன்னிடம்தான் கொடுத்தேன் என்கிறார் கணவர். இல்லையே என்கிறாள் மனைவி. சற்று நேரம் தேடிய பிறகு அவருடைய பையிலேயே இருக்கிறது. அவர் அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை, அவள் குத்திக்காட்டவும் இல்லை. சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, பயணமா என்று விசாரித்துவிட்டுப் போகிறாள். கேமரா தரையருகே அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இதில் அதிகாரம் யாருக்கு, பலவீனம் யாருக்கு என்று கேட்டால் நாம்தான் முட்டாளாவோம்.

பிள்ளைகளுக்கு நேரமில்லை. மூத்தவன் மருத்துவன், கூப்பிட்ட வீட்டுக்கு ஓடுகிறான். மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். பாட்டி, சின்னப் பேரனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வெளியே புல்மேட்டுக்குப் போகிறாள். நீ பெரியவனாகி என்ன ஆவாய், அப்பாபோல மருத்துவனாவாயா, அப்போது நான் இருப்பேனா என்று அவள் கேட்கிறாள்; பையன் காதில் வாங்காமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். இருவரும் மேட்டின் மேல் வானத்தை ஒட்டிய சின்ன உருவங்களாகத் தெரிவது ஒரு ஷாட். பலகைப்படி லாங் ஷாட் தனிமைக்கு. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து தாத்தா அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கிற ஆள் ஒருவர் வந்துவிட்ட உடனே அந்தத் தூரம் வேறு ஏதோவாகிவிடுகிறது. அது அவருக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற, இத்தனை வருடம் பழகிய, கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

இந்தப் படத்தில் கேமரா நகர்வது மிக அபூர்வம். விரல்விட்டு எண்ணிவிடலாம். பெற்றோரைச் சமாளிக்க முடியாமல் அடாமி என்ற வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல், தூக்கமில்லை, திரும்பி வந்துவிடுகிறார்கள். மகள் வீட்டில் அன்று சங்கக் கூட்டம். தங்க இடமில்லை. அப்போது டோக்கியோவின் உயெனோ பகுதியில் ஒரு மதில் சுவர். கேமரா அந்தச் சுவரையொட்டி மெல்ல நகர்ந்து போகிறது. போய், சுவரோரமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு கிழவர்களிடம் நிற்கிறது. தங்களுக்கு இப்போது வீடே இல்லை என்று சொல்லி அவர்களே சிரித்துக்கொள்கிறார்கள். வேறொருவர் படத்தில் இந்த ட்ராலி ஷாட் ஒரு பொருட்டே இல்லை. அரை நிமிடத்தில் மறந்துவிடுவோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து தெருவில் இறங்கித் தேடிக்கொண்டு போவதால்தான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. ட்ராலிக்கென்று ஒரு அர்த்தம் அகராதியில் இல்லை. அந்தப் படம் அதுவரை கடைப்பிடித்த வழக்கம்தான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது. தினமும் பேசுகிறவர் ஒருநாள் பேசாமலிருந்தால்தானே வீட்டில் பயம் வருகிறது.

இன்னொன்று. இருவர் பேசும்போது ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகத்தை எடுப்பதை நம்மூர் படப்பிடிப்பில் 'சஜஷன்' என்பார்கள். இருவருக்கும் நடுவில் கற்பனையாக ஒரு கோடு. கேமரா அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் 'லைன் கிராஸ்' என்று உதவி இயக்குநருக்குத் திட்டு விழும். ஓசு தோளையும் வைக்கமாட்டார், கோட்டையும் மதிக்கமாட்டார். பேசுகிறவர் முகத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொள்வார். அவர்கள் ஏறக்குறைய நம்மையே பார்த்துப் பேசுவார்கள். மருமகள் நோரிகோவாக வரும் செட்சுகோ ஹாரா, வாழ்க்கை ஏமாற்றம்தானா என்று நாத்தனார் கேட்கும்போது புன்னகையோடு ஆமாம் என்று ஒப்புக்கொள்கிற அந்த இடம். அதை ஒரு தோளுக்குப் பின்னால் நின்று எடுத்திருந்தால் நாம் ஒட்டுக்கேட்டவர்களாகியிருப்போம். நேரே எடுத்ததால் கேள்வி கேட்டவர்களாகிறோம்.

குளோசப் என்றால் உணர்ச்சி என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் தொலைக்காட்சித் தொடர்கள் ஒரே முகத்தை இடிச்சத்தத்தோடு மூன்று முறை குத்திக் காட்டி, அந்த நாணயத்தைச் செல்லாக்காசு ஆக்கிவிட்டன. அண்மை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) தொடக்கத்தைப் பார்க்கலாம். தனியே வீட்டில் இருக்கும் சாரு, பிடி வைத்த ஒரு நாடகக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னல் சன்னலாக ஓடித் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். பிறகு கணவன் பூபதி கையில் புத்தகத்தோடு அவளைத் தாண்டிப் போகிறான். அவள் நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை. நாலடி தூரத்தில் போகிற புருஷனை அவள் அதே கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள். தூரத்தைக் கிட்டே கொண்டுவருகிற கருவி. அதனால் அவன் பெரிதாகத் தெரிகிறான். அந்தப் பெரிதாதலே அவன் எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்று சொல்லிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லோரும் கொண்டாடுகிற ஊஞ்சல் காட்சியைவிட, இதுதான்.

தமிழில் யார் என்று கேட்பீர்கள். பாலு மகேந்திரா. 'வீடு' (1988) படத்தில் ஒளிப்பதிவும் தொகுப்பும் அவரே. கிழவராக வரும் சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகப் போகிறார். பூசாத சுவர்களைத் தடவிப் பார்க்கிறார். அந்தக் கிழவருக்கு எந்தக் கோணத்தாலும் உதவி செய்ய முயலாமல், அவர் நடைக்கு ஈடுகொடுத்துக் கேமரா கூடவே இருக்கிறது. வீட்டைப் பார்த்தபின் அவர் இறந்துபோகிறார். மேலேயிருந்து ஒரு ஷாட் வைத்து வீட்டைப் பெரிதாகவும் அவரைச் சிறிதாகவும் காட்டியிருந்தால் கைதட்டு கிடைத்திருக்கும். வைக்காமல் விட்டார்.

அந்தப் பையனுக்கு நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான், தம்பி: நின்றுகொண்டு எடுப்பதால் உன் அம்மா பலவீனமானவர் ஆகிவிடமாட்டார். ஆனால் நீ நிற்கிறாய், அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியும். அவர் வேலைசெய்யும்போது நீ எங்கே இருந்தாய் என்பதையும் சேர்த்துத்தான் ஷாட் பதிவுசெய்கிறது. நிற்பதுதான் உனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் உண்மை என்றால் நின்றே எடு. பலகையில் இருப்பதை அழித்துவிட்டு அந்த உண்மை என்ன என்று முதலில் கண்டுபிடி.

'டோக்கியோ ஸ்டோரி' முடியும்போது அம்மா இறந்து, பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். சிஷு ரியு அந்தக் கிழவராக நடித்தபோது அவருக்கு வயது 49தான் என்பதை நம்ப முடியாது. கிழவர் அதே அறையில் தனியாக விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். அதே பக்கத்து வீட்டுப் பெண் சன்னலில் எட்டிப் பார்த்து ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். படத்தை முன்பே பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். முதலில் அவள் வரும் இடத்திலும் கடைசியில் அவள் வரும் இடத்திலும் படத்தை நிறுத்தி, கேமரா எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.